சூனியக்காரியின் கண்

அம்மாவுக்குக் கை நடுங்கத் தொடங்கிய வருடம்தான் ரெக்ஸ்லின் தன் பொம்மைப் பெட்டியை மூடினாள். கட்டைவிரல் உயர டிராகன்களும் வாள் வீரர்களும் சூனியக்காரிகளும் அவள் தீட்டிய பாதி வண்ணத்தோடு உள்ளே கிடந்தார்கள். பரம்பரையாக வரும் அந்த நோய் தனக்கும் இருந்தால் மயிரிழைத் தூரிகைதான் முதலில் காட்டிக்கொடுக்கும் என்று பயந்தாள். அம்மா இறந்து வெகுகாலம் கழித்து, தங்கை ஜெனிதான் பெட்டியைத் திறந்து எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“ஒரே ஒரு கண்ணு வரைஞ்சு பாருக்கா. பொம்மையை நான் பிடிச்சுக்கிறேன்.”

சூனியக்காரியின் முகம் மிளகளவுகூட இல்லை. ரெக்ஸ்லின் மூச்சை அடக்கிக்கொண்டு தூரிகையைக் கொண்டுபோனாள். கறுப்பு மை கண்ணைத் தாண்டிக் கன்னத்தில் கோடாக இழுபட்டது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் அதேதான்.

“எனக்கும் வந்துடுச்சு ஜெனி” என்றாள்.

“சும்மா இரு, அக்கா. பயத்துல நடுங்குது. நிதானமா வை.”

ரெக்ஸ்லின் மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்திக்கொண்டு தூரிகையின் நுனியையே பார்த்தாள். அது அசையவே இல்லை. அதற்கு எதிரே, ஜெனியின் விரல்களுக்கிடையில், சூனியக்காரியின் முகம்தான் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

“என்னக்கா, நின்னுடுச்சா?” என்று ஜெனி ஆவலோடு கேட்டாள்.