கூரைக்காரரின் நம்பர்

"ஐயோ, அந்த ஆளா? வேண்டவே வேண்டாம் சார்" என்றார் பல் டாக்டர்.

பிஸ்கட் சார் நோட்டைத் திறந்து பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டார்.

பிஸ்கட் கம்பெனியில் முப்பது வருஷம் தரம் பார்த்து ஓய்வு பெற்றவர். டப்பாவைக் குலுக்கிப் பார்த்தே உள்ளே எத்தனை உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு நல்ல கூரைக்காரரைக் கண்டுபிடிக்கத்தான் வழி தெரியவில்லை. மாடி அறையில் நாலு இடத்தில் ஒழுக்கு. மகள் கைக்குழந்தையோடு மாதக் கடைசியில் வந்து அந்த அறையில்தான் தங்கப் போகிறாள். மழைக்காலமோ வாசல்வரை வந்துவிட்டது.

முதலில் வந்த கான்ட்ராக்டர் பாதி ஏணி ஏறிவிட்டு, மொத்தக் கூரையையும் பிரிக்கணும் என்றார். அடுத்தவர் ஏணிப் பக்கமே போகவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்து அதையேதான் சொன்னார். மூன்றாவதாக, ஹார்டுவேர் கடையில் சொல்லி அனுப்பிய மீசைக்காரர் வந்தார். ஒரு மணி நேரம் ஓடு ஓடாகத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"பதினோரு ஓடு விரிஞ்சிருக்கு. முகட்டுல பூச்சு போயிருக்கு. அவ்வளவுதான் சார். மத்ததெல்லாம் இன்னும் இருபது வருஷம் உழைக்கும்."

பிஸ்கட் சாருக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. வேலையைக் குறைத்துச் சொல்லும் கான்ட்ராக்டரை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. இதுக்கு முன்னால் வேலை செய்த மூணு வீட்டு விலாசம் கேட்டார். மீசைக்காரர் முகம் கோணாமல் எழுதிக் கொடுத்தார். மூன்றுமே பக்கத்துத் தெரு. பிஸ்கட் சார் நோட்டும் கையுமாக, மனைவியையும் கூட்டிக்கொண்டு விசாரிக்கக் கிளம்பிவிட்டார்.

பல் டாக்டர், ஆள் சரியான ஆமை என்றார். தையல்கடை அம்மா, சொன்ன நேரத்துக்கு வந்ததே இல்லை என்று உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவது வீட்டு பேங்க் மேனேஜர் வெளியே வந்து, காதோடு காதாக, வேறு ஆளைப் பார்த்துக்கோங்க என்றார். ஆக மொத்தம் மூணு பெருக்கல் குறி.

"தப்பிச்சோம்டா சாமி" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார் பிஸ்கட் சார். மனைவி தனக்குள்ளே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"என்ன சிரிப்பு?"

"மூணு வீட்டுலயும் சீலிங்கைப் பார்த்தீங்களா? எங்கேயாவது ஒரு ஈரக் கறை இருந்துச்சா? அந்தத் தையல்கடை அம்மா, சமையலறைச் சுவத்துல இவரோட நம்பரைக் கொட்டை எழுத்துல எழுதி வெச்சிருக்காங்க. வேண்டாத ஆளோட நம்பரை யாராவது அப்படி எழுதி வெச்சுப்பாங்களா?"

பிஸ்கட் சார் நடு ரோட்டில் நின்றுவிட்டார்.

"அவர் தனி ஆளா வேலை பார்க்கறவருங்க. ஊரே கூப்பிட ஆரம்பிச்சா, இவங்களுக்கு வேணுங்கறப்போ கிடைக்க மாட்டாரில்ல? அதான் இந்தப் பேச்சு."

மீசைக்காரரே வந்தார். நாலு நாளில் மாடி அறை வேலை முடிந்தது. சொன்னபடி பதினோரு ஓடு, பன்னிரண்டாவதைத் தொடவில்லை. அன்று சாயந்திரமே மழை வெளுத்து வாங்கியது. பிஸ்கட் சார் மாடி அறையில் நாலு இடத்திலும் செய்தித்தாள் விரித்து வைத்துக் காவல் இருந்தார். தாள் மொறுமொறுவென்றே இருந்தது. இனி பேரக்குழந்தை நிம்மதியாகத் தூங்கும் என்று நினைத்ததும் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மழை விட்டதும் கிளம்பிய மீசைக்காரர், பாக்கியிருந்த பின்பக்கக் குளியலறைக் கூரையை அடுத்த வாரம் வந்து முடித்துவிடுவதாகச் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், என் வேலையில ஏதாவது குறை இருந்தா மறைக்காம சொல்லுங்க. செஞ்ச வீட்டுல எல்லாம் நல்லா இருக்குங்கறாங்க. ஆனா அவங்க சொல்லி ஒரு ஆள்கூட என்னைக் கூப்பிட்டதில்லை. இன்னும் ஒரு மாசம் பார்ப்பேன். அப்புறம் ஏதாவது குடோன்ல வேலைக்குப் போயிடலாம்னு இருக்கேன்."

அவர் போனதும் பிஸ்கட் சாருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "மனுஷங்களா இவங்க? தங்களோட சுயநலத்துக்கு ஒருத்தர் பொழைப்புல மண்ணள்ளிப் போடறாங்களே. நான் ஒவ்வொரு வீடா போய்ச் சொல்றேன் பாரு."

மனைவி, ஜன்னலுக்கு அடித்த பச்சைப் பெயிண்ட்டில் மிச்சம் இருக்கா என்று மட்டும் கேட்டாள். ஷெட்டில் அரை டப்பா இருப்பதாகச் சொல்லிவிட்டு, மறுபடியும் பக்கத்துத் தெருவைத் திட்டப் போய்விட்டார் பிஸ்கட் சார்.

மறுநாள் காலை, எதிர்வீட்டைப் புதிதாக வாங்கிக் குடிவந்த நர்ஸ் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். நேற்று மழைக்கு ஹாலெல்லாம் தண்ணீராம். போன வாரமே இரண்டு கான்ட்ராக்டர்கள் வந்து பார்த்து, மொத்தக் கூரையையும் பிரிக்கச் சொன்னார்களாம்.

"உங்களுக்கு வேலை செஞ்சவர் எப்படி சார்? நம்பி விடலாமா?"

பிஸ்கட் சார் வாயைத் திறந்தார். சத்தியமாக நல்லபடி சொல்லத்தான் திறந்தார். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கூரை கண்ணில் பட்டது. அம்மாடி, எவ்வளவு பெரிய கூரை. ஏறினால் பதினைந்து நாளைக்கு இறங்க முடியாது. அப்போ அடுத்த வாரம் குளியலறை?

"ஆள் மோசமில்லைம்மா" என்று இழுத்தார். "ஆனா சரியான ஆமை. சொன்ன நேரத்துக்கு வரவே மாட்டார். நீங்க வேற ஆளைப் பார்த்துக்கோங்க."

நர்ஸ் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கேட் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ அம்மா ஏன் சார், 'எங்க வீட்டுக் கூரை ஒழுகலை, இவரையே கூப்பிடுங்க'ன்னு உங்க காம்பவுண்டுச் சுவர் முழுக்க அவர் நம்பரைப் பச்சைப் பெயிண்ட்ல எழுதிட்டு இருக்காங்க?"