திரையில் நீலம்

கடலுக்குப் போன படகுகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் கருவிகளுக்குப் அவற்றை உள்ளிருந்து இயக்கும் புது மென்பொருளான ஃபர்ம்வேரைக் காலையில் அனுப்பியவள் இன்பவல்லி. அதன் ஹெடர் என்னும் தலைப்பகுதியை எழுதியவளும் அவளே. முதலில் பதிப்பு எண், அடுத்து கோப்பின் அளவு என்று இருக்க வேண்டியதை இடம் மாற்றி எழுதியிருந்தாள். கருவிகள் அளவைப் பதிப்பு எண்ணாகவும் எண்ணை அளவாகவும் நம்பி வாங்கிக்கொண்டன. பிறகு பேச்சை நிறுத்திவிட்டன. திரையில் படகுப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. காற்று வலுக்கும் என்று மதியமே எச்சரிக்கை வந்திருந்தது.

பக்கத்து மேசையில் இருந்தவன் ஜெரால்டு. அவனுடைய அண்ணன் அந்தப் படகுகளில் ஒன்றில் இருந்தான்.

“அதான் தப்பத் திருத்தியாச்சே, அனுப்புங்க மேடம்.”

“அனுப்பிட்டேதான் இருக்கேன் ஜெரால்டு. வாங்கிக்க அங்க எதுக்கும் உயிர் இல்ல.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “கருவியச் சொன்னேன்,” என்றாள்.

அவனுடைய போன் அடித்தது. எடுத்து யார் என்று பார்த்தான். அவளிடம் நீட்டினான்.

“யம்மா, ஜெரால்டு ஆபீசா? நான் அவன் அம்ம பேசுறேன். பெரியவன் எங்கன வாறான்னு ஒங்க கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுங்களேன்.”

இன்பவல்லி திரையைப் பார்த்தாள். கரையிலிருந்து விளிம்புவரை வெறும் நீலம்.

“பாக்குறேம்மா,” என்றாள். மறுமுனையில் அந்த அம்மாள் பொறுமையாகக் காத்திருந்தாள்.