இத்ரீசாவின் அங்கி

“வயிறு முன்னுக்குப் போகவேணும். ஆள் பிறகுதான் வரவேணும். நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“எனக்கு எங்கயப்பா வயிறு?”

“அதுக்குத்தானே சால்வையைச் சுத்திவிட்டிருக்கிறன். இழுக்காமல் நில்லுங்கோ.”

ரெனான் மண்டபத்தின் உடுப்பு மாற்றும் அறையில் சிவகலா தன் கணவன் பாலச்சந்திரனை ஒரு செத்த மனிதனாக மாற்றிக்கொண்டிருந்தாள்.

நீல அங்கி அவருக்குக் கணுக்கால் வரை தொங்கியது. வெள்ளைத் தொப்பி காதை மூடியது. இரண்டும் இத்ரீசாவினுடையவை.

சுவிஸில், லோசான் நகரத்து ஹோட்டல் ஒன்றின் சமையலறையில், ஒரே கழுவும் மெஷினின் இரண்டு முனைகளில், பத்தொன்பது வருடங்கள். இத்ரீசா அழுக்குத் தட்டுகளை உள்ளே தள்ளுவார். அவருக்குப் பாலாவான பாலச்சந்திரன் மறுபக்கத்தில் சுடச்சுட வாங்கி அடுக்குவார்.

ஜனவரியில் ஒருநாள் காலை, தட்டுகள் வரவில்லை.

உடல் புர்க்கினா ஃபாசோவுக்குப் போனது. மூன்று மாதம் கழித்து இத்ரீசாவின் மனைவி அமினாதா போன் எடுத்தாள்.

தங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது என்றாள். இறந்தவருடைய உடுப்பை மருமகள் போட்டுக்கொள்வாள். அவரைப் போலவே நடப்பாள், கதைப்பாள், எரிந்து விழுவாள். வீட்டுப் பிள்ளைகள் அவளை அப்பா என்று கூப்பிட்டுச் சீண்டுவார்கள். அழுது களைத்த சனம் சிரிக்கும். அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டுப் போகிறவர் நிம்மதியாகப் போவார்.

எங்களுக்கு மருமகள் இல்லை, ஒரே மகள்தான் என்றாள். சலிமாத்தா. பதினேழு வயது. ஜனவரிக்குப் பிறகு அப்பா என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. அவர் பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

நீங்கள் அவருடைய உடுப்பைப் போட்டு ஒருமுறை அவளைச் சிரிக்க வையுங்கள், அது போதும் என்றாள்.

செத்தவீட்டுக் கதிரையில் இருந்துவிட்டு வந்தாலே தலை முழுகுகிறவள் சிவகலா. செத்தவரின் உடுப்பென்றதும் முகத்தைச் சுளித்தாள். பதினேழு வயது என்று கேட்டபின், சால்வையையும் ஒரு பெட்டி ஊசியையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு அவருக்கு முன்னே ரயிலில் ஏறியிருந்தாள்.

“முழுகாமல் மட்டும் வீட்டு வாசலை மிதிச்சிடாதேங்கோ,” என்று கடைசி ஊசியைக் குத்தினாள். “போங்கோ, கூப்பிடுகினம்.”

வெளியே மேளம் கேட்டது.

மண்டபத்தில் அறுபது பேர் இருந்தார்கள். அமினாதாவைத் தவிர ஒருவரையும் பாலச்சந்திரனுக்குத் தெரியாது. இத்ரீசாவின் வீட்டுக்கு அவர் ஒருநாளும் போனதில்லை. வேலை முடிந்தால் இத்ரீசாவுக்கு மெட்ரோ, இவருக்கு ரயில். அமினாதா பாலச்சந்திரனின் பெயரைக்கூட அங்கே யாருக்கும் சொல்லவில்லை. இன்றைக்கு உங்களுக்கு ஒரே பெயர்தான், இத்ரீசா, என்று சொல்லியிருந்தாள்.

வயிற்றை முன்னே அனுப்பி, பின்னால் நடந்தார்.

“செத்தும் மெலியவில்லையே நீ!” என்று ஒரு கிழவர் பிரெஞ்சில் கத்தினார். பெண்கள் கை தட்டினார்கள்.

இத்ரீசாவின் இருமலை இருமினார். திரும்பி வந்த தட்டிலிருக்கும் கேக் கிரீமை யாரும் பார்க்காதபோது விரலால் வழிப்பதைச் செய்து காட்டினார். மண்டபம் குலுங்கியது.

முன்வரிசையில் அமினாதாவுக்குப் பக்கத்தில் இருந்த பெண் மட்டும் காதில் இயர்போனோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். கதவை நோக்கி நடந்தாள்.

பாலச்சந்திரனுக்கு எல்லாம் மறந்துபோனது.

பத்தொன்பது வருடத்தில் இந்த இருமலும் கிரீமும் தவிர அந்த மனிதனைப் பற்றித் தனக்கு என்ன தெரியும்? அவர் யோசித்துக்கொண்டு நிற்க, ஊசி ஒன்று கழன்றது. வயிறு மெல்ல இறங்கி, அங்கிக்குக் கீழே சால்வையாக வெளியே வந்தது.

அதைப் பார்த்தார். ஒரு கை தானாக இடுப்புக்குப் போனது, மற்றது தலைக்கு.

“ஐயோ முருகா, இண்டைக்கெண்டு பார்த்தோ!”

அறை வாசலில் நின்ற சிவகலா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

மேளம் நின்றது.

பிறகு கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஒரு சிரிப்பு.

“அய்யோ முர்கா!” என்றது ஒரு மூலை. “அய்யோ முர்கா!” என்றது மறு மூலை. அறுபது பேரும் ஒரு கையை இடுப்பிலும் மற்றதைத் தலையிலும் வைத்திருந்தார்கள். கிழவர் கதிரையிலிருந்து வழுக்கிக் கீழே இருந்தார். இதுதான், இதேதான் என்று ஒரு பெண் பக்கத்திலிருந்தவளை உலுப்பினாள். வேலையிடத்துப் பாலாவைப் போல இத்ரீசா செய்வானே, ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில், ஒவ்வொரு கல்யாணத்திலும்! கடவுளே, அந்தக் கையை வைக்கிற விதம்!

அமினாதா மட்டும் ஆச்சரியப்படவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு மகளையே பார்த்தாள்.

பாலச்சந்திரன் கையை எடுக்க மறந்து நின்றார். பத்தொன்பது வருடமாக, ஒவ்வொரு மாலையும், இத்ரீசா அவரை மெட்ரோவில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்.

கதவடியில் சலிமாத்தா குனிந்து நின்றாள். தோள்கள் குலுங்கின. நிமிர்ந்தபோது கன்னமெல்லாம் நனைந்திருந்தது, ஆனாலும் சிரிப்பை அவளால் அடக்க முடியவில்லை. சனத்தை விலக்கிக்கொண்டு வந்து அங்கியின் கையைப் பிடித்தாள்.

“பப்பா,” என்றாள். “இன்னும் ஒருக்கா. பாலா மாதிரிச் செய்து காட்டுங்கோ.”