கரையில் விழுந்த சொட்டு

மழை விட்டும் வானம் வெளுக்கவில்லை. ஜன்னலோரத்து மேசைமேல் குனிந்து ஓவியர் ஏரியை வரைந்துகொண்டிருக்கிறார். கறுப்பு மையும் தண்ணீரும்தான் அவருக்கு. வெள்ளை வேண்டிய இடத்தில் காகிதத்தைத் தொடாமல் விட்டுவிடுவார். மலைக்குச் சாம்பல், மரங்களுக்குக் கறுப்பு, தண்ணீருக்கு ஒன்றுமே இல்லை. மனைவி இறந்துபோனதிலிருந்து இதே ஏரிதான், ஈ காக்கை இல்லாத ஏரி. கிண்ணத்து விளிம்பில் தூரிகை உரசுவதைத் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை. தூரிகையைத் தூக்கும்போது, வெறுமையாக விட்டிருந்த கரையில் ஒரு சொட்டு மை விழுந்துவிடுகிறது. ஒற்றியெடுக்கத் துணியோடு போன கை பாதியில் நிற்கிறது. சொட்டு மெல்லப் பரவி, முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஆள்போல் ஆகிறது. டீயோடு வந்த மகள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறாள்.

“ஒரு ஆளையாவது போடுங்கன்னு எத்தனை தடவை தலைபாடா அடிச்சுக்கிட்டேன்! இப்பத்தான் படத்துக்கு உசிரே வந்திருக்கு.” டீயை மேசைமேல் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். “அம்மாவாப்பா?”

அவர் துணியை மடித்து ஓரமாக வைக்கிறார்.

“இல்லம்மா. அவளா இருந்தா பக்கத்துல நானும் இருப்பேனே.”