ஞாயிற்றுக்கிழமைப் புயல்

"இது அழுகுணி ஆட்டம்க்கா!"

புது மாப்பிள்ளை குரலை உயர்த்தினார். மேஜையில் பகடை ஆறு காட்டிக்கொண்டு கிடந்தது.

"ஆறு விழுந்தா படகு கரை சேரும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சேரும்னு சொன்னேன். இன்னிக்கே சேரும்னு சொன்னேனா?" என்றார் அக்கா, கொஞ்சமும் அசராமல். "துறைமுகத்து விளக்கு தெரியுது. ஆனா, மேற்கே இருந்து ஒரு புயல். படகோட்டி, என்ன பண்றே?"

மாப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து ஞாயிறு மதியம் என்றாலே மனைவியின் அக்கா வீட்டில் இந்தக் கதை ஆட்டம்தான். செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். ஆளுக்கொரு வேஷம். பெரிய மச்சான் படகோட்டி. சின்ன மச்சான் பார்வையில்லாத பாடகன். இவர் காவல்காரன். அக்கா கதையைச் சொல்லிக்கொண்டே போய், "நீ என்ன பண்றே?" என்று நிறுத்துவார். அவரவர் வேஷத்தில் இருந்தபடியே பதில் சொல்ல வேண்டும். சிக்கலான இடத்தில் பகடை.

அக்கா பஸ் கண்டக்டராக இருந்தவர். அங்கேயும் நடத்துநர், இங்கேயும் நடத்துநர். ஆனால், இந்த வண்டி மட்டும் கடைசி நிறுத்தத்துக்கு வந்ததே இல்லை. ஒரு வாரம் சுறா, மறு வாரம் கடற்கொள்ளைக்காரன், இப்போது புயல்.

"பாடகனே, கயித்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ!" என்றார் பெரியவர், அக்காவைப் பார்த்து.

"பிடிச்சிருக்கேன் படகோட்டி. நீ என்னை விட்டுடாதே," என்றார் சின்னவர், அவரும் அக்காவைப் பார்த்தே.

"அடுத்தது அடுத்த ஞாயிறு," என்று அக்கா பகடையை எடுத்து வைத்துவிட்டார். மச்சான்கள் இருவரும் சொல்லாமல் கொள்ளாமல் ஆளுக்கொரு பக்கம் கிளம்பினார்கள்.

மாப்பிள்ளை விடவில்லை. அடுப்படிக்கே போய்க் கேட்டார்.

"டீவி சீரியல் மாதிரி எதுக்குக்கா இழுக்கறீங்க? எங்களை ஆட்டி வைக்கறதுல அப்படி என்ன சந்தோஷம்?"

அக்கா டம்ளர்களைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"தம்பிங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் அச்சகம் வெச்சிருந்தானுங்க. போர்டுல யார் பேர் முதல்லன்னு சண்டை. அச்சகம் ரெண்டாச்சு, பேச்சும் நின்னு போச்சு. உங்க கல்யாணத்துல கூட ஆளுக்கொரு மூலைல நின்னானுங்களே, கவனிக்கலையா?"

"கவனிச்சேன்..."

"இந்த மேஜைல மட்டும்தான் பேசிக்கறானுங்க. அதுவும் படகோட்டியாவும் பாடகனாவும். கதை முடிஞ்சா அதுவும் போச்சு. நான் எப்படி மாப்பிள்ளை கரை சேர்ப்பேன்?"

மாப்பிள்ளைக்கு முகம் விழுந்துவிட்டது. டம்ளர்களை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

புதன்கிழமை சாயங்காலம். சிக்னலில் அவருக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர். ஓட்டுகிறவர் சின்ன மச்சான். பின்னால், காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, தம்பியின் முதுகைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தவர் பெரிய மச்சான்.

"மச்சான்!"

இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தார்கள். ஸ்கூட்டர் ஓரங்கட்டியது.

"எப்போலேர்ந்து இது?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே," என்று அசடு வழிந்தார் சின்னவர். "ஒரு வாரம் கதைல நான் கடல்ல விழுந்துட்டேன். அக்கா பகடையை நீட்டினா. அண்ணன் அதைத் தொடவே இல்லை. 'பகடை எல்லாம் வேணாம், நான் குதிக்கறேன்'னுட்டார். எனக்குத் தாங்கலை. மறுநாள் காலைல அவர் அச்சக வாசல்ல போய் நின்னுட்டேன்."

"அப்போ என் கல்யாணத்துல ஆளுக்கொரு மூலைல நின்னது?"

"நடிப்பு. கை கழுவற இடத்துல பேசிக்கிட்டோம்."

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். "அட, அக்காகிட்ட சொல்லிடுவோம் மச்சான்! பாவம், ஒவ்வொரு வாரமும் மண்டையை உடைச்சுக்கிட்டு ஒரு சுறாவைப் பிடிச்சுட்டு வராங்க. இனிமேலாவது நிம்மதியா இருக்கட்டும்."

போனை எடுத்தவரின் கையைப் பெரியவர் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"அக்கா முட்டி தேஞ்சு வேலையை விட்டப்புறம் சுவரைப் பார்த்துப் படுத்தவதான். யார் கூப்பிட்டாலும் பதில் இல்லை. எங்க சண்டையைத் தீர்த்து வைக்கணும்னுதான் எழுந்தே உட்கார்ந்தா. அது தீர்ந்துடுச்சுன்னு எந்த வாயால சொல்றது, மாப்பிள்ளை?"