ஒரு மனிதரின் சம்மதம்

போர் ட்ரோன்கள் தாமே குறிபார்த்துவிடும். சுடுவதற்கு மட்டும் சட்டப்படி ஒரு மனிதரின் சம்மதம் வேண்டும். அன்று சம்மதம் சொல்லும் நாற்காலியில் கேப்டன் பூங்கோதை இருந்தாள். திரையில் எதிரிப் படைவீரன் ஒருவன் துப்பாக்கியை எறிந்துவிட்டு, ரத்தம் வழியும் காலோடு ஊர்ந்துகொண்டிருந்தான்.

“சரின்னு சொல்லுங்க கேப்டன். எதிரிதானே?” என்றார் கர்னல்.

“அடிபட்டு ஆயுதத்தைப் போட்டவன சுடக் கூடாது சார். நான் சொல்ல மாட்டேன்.”

அவர் எவ்வளவு கத்தியும் அவள் அசையவில்லை. மாலைக்குள் அவளை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் போர்முனை மருத்துவர் அழைத்தார். “அந்த அடிபட்ட வீரன நம்ம ஆளுங்களே போய்த் தூக்கிட்டு வந்துட்டாங்க மேடம். உயிருக்கு ஆபத்தில்ல.”

“அம்மா, உனக்கு நிஜமாவே வேலை போயிருச்சா?” என்று மகள் கேட்டாள்.

“போயிருச்சுடி. அவன் பிழைச்சுட்டான்,” என்றாள் பூங்கோதை, தான் பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல் தலைநிமிர்ந்து.