வலது பக்கத் தட்டு

“கதவைத் திறக்காதீங்க டாக்டரம்மா! இருக்கிற சூடும் போயிடும்.”

கருவிப் பையை இறக்கி வைத்தபடியே மெக்கானிக் அதட்டினார். ஆராய்ச்சியாளர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும், முப்பத்தேழு டிகிரி காட்ட வேண்டிய இன்குபேட்டர் முப்பத்திரண்டு காட்டியதைப் பார்த்து உடனே அவருக்குப் போன் போட்டிருந்தாள். உள்ளே இருப்பது நாலு வருட உழைப்பு.

“லீவு நாள்ல கூப்பிட்டுட்டேன். கோச்சுக்காதீங்க அண்ணே.”

“அட, நம்ம ஆஸ்பத்திரி. உள்ளே என்ன குடியிருக்குன்னு மட்டும் சொல்லுங்க. பதமா கை வைக்கணுமில்ல?”

“நுரையீரல் புற்றுநோய் செல்லுங்க. உயிரோட.”

ஸ்க்ரூடிரைவர் ஒரு நொடி நின்று, மறுபடி சுழன்றது.

“யாரோடது?”

“இங்கே ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஒருத்தரோடது. ஆராய்ச்சிக்கு எடுத்துக்கங்கன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கார். பேரெல்லாம் எங்ககிட்ட சொல்ல மாட்டாங்க. அவர் கையெழுத்துப் போட்ட தாள்ல இருக்கிற நம்பர் மட்டும்தான். நாற்பத்தொண்ணு.” அவள் பெருமூச்சு விட்டாள். “தினமும் இதுங்க முகத்துலதான் முழிக்கிறேன். கொடுத்த மனுஷன் இருக்காரா இல்லையான்னுகூடத் தெரியாது.”

மெக்கானிக் பின்பக்கத் தகட்டைக் கழற்றி, கருகிப் போயிருந்த ரிலே சுவிட்சை எடுத்துப் போட்டுப் புதியதைப் பொருத்தினார். அவருடைய கை அத்தனை நிதானமாக வேலை செய்து அவள் பார்த்ததில்லை.

முப்பத்துமூன்று. முப்பத்தைந்து. முப்பத்தேழு.

செல்கள் வளரும் இரண்டு தட்டுகளை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தவள், சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினாள்.

“பிழைச்சிடுச்சு அண்ணே! எல்லாமே பிழைச்சிடுச்சு!”

“நானும் ஒரு தடவை எட்டிப் பாக்கலாமா?”

“தாராளமா. முதல்ல இடது பக்கத் தட்டு.”

குனிந்தவர் முகம் சுளித்தார். “என்னம்மா இது, ஈ மொய்ச்ச மாதிரி!”

“ஒரு செல் ரெண்டாப் பிரியணும்னா, ‘இப்போ பிரி’ன்னு ஒரு ஜீன் உத்தரவு கொடுக்கணும். நல்ல செல்லுல, வேலை முடிஞ்சதும் அது வாயை மூடிக்கும். இதுல ஓயாம கத்திக்கிட்டே கிடக்கு. அதான் இந்தக் கூட்டம். இப்போ வலது பக்கம் பாருங்க. அதே ஆளோட செல்தான். அந்த ஜீனோட வாயை மட்டும் அடைச்சோம்.”

வலது தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்கள் சும்மா கிடந்தன.

“போன வாரம் எத்தனையோ, இன்னிக்கும் ஏறக்குறைய அத்தனைதான்,” என்றாள் பெருமையாக.

“அப்போ மருந்து வந்துடுமா?”

“அதுக்கு இன்னும் ரொம்ப தூரம் போகணும். தட்டுல அடங்கினது உடம்புலயும் அடங்கணுமே. ஆனா எந்தக் கதவைத் தட்டணும்னு தெரிஞ்சு போச்சு அண்ணே.”

அவர் வெகுநேரம் தலையைத் தூக்கவே இல்லை. தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று அவள் பதறிப்போய்க் கிட்டே வந்தாள். மனுஷன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அடப்பாவிகளா!” என்றார் தட்டைப் பார்த்து. “டாக்டரம்மா சொன்னா மட்டும் இப்படிக் கைகட்டி உக்காருறீங்க. நாலு வருஷம் முன்னாடி என் நெஞ்சுக்குள்ள இருந்தப்போ என்ன ஆட்டம் போட்டீங்க!”